அண்ணைக்கு வடித்த தண்ணீர்

1

பனி விட்டதும் இந்த ஊர்க்காரர்கள் முற்றத்தில் பூக்கன்று நடுவார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வண்டிக்குள் ஏறி, குப்புறப் படுத்து, பாத்திரம் கழுவுகிற பேசினுக்குக் கீழே தலையை விட்டுத் தண்ணீர் வடிகட்டியைக் கழற்றுவேன். கழற்றும்போது ஒரு முறையாவது மண்டையை அடித்துக்கொள்வேன். இந்த வருடமும் அடித்துக்கொண்டாயிற்று. புடைத்த இடத்தைத் தடவிக்கொண்டு வெளியே வந்தபோதுதான், ஆனி பிறந்தால் அம்மாவின் திவசம் என்பது நினைவுக்கு வந்தது. கூடவே போன வருடத் திவசமும் நினைவுக்கு வந்தது.

வண்டி என்றதும் ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் தட்டிவான் பஸ்ஸை நினைக்கக்கூடாது. இது சில்லு பூட்டிய வீடு. உள்ளே இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, மடிக்கிற மேசை, ஆள் திரும்ப முடியாத ஒரு கக்கூஸ் எல்லாம் உண்டு. இருக்கிற வாங்குப் பலகையின் கீழே ஒரு தண்ணீர்த் தாங்கி. குழாயைத் திறந்தால் பற்றறியில் ஓடும் சின்ன மோட்டர் முனகும். தண்ணீர் வடிகட்டிக்குள் புகுந்து வெளியே வரும். வடிகட்டிக்குள் இருப்பது வேறொன்றுமில்லை, கரி. எங்கள் ஊர் நீர்வேலியில் அடுப்பிலிருந்து அள்ளி வாழைக்கு அடியில் கொட்டுகிற அதே கரியை இங்கே கடைக்காரன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறான்.

முதல்முறை அதை வாங்கப் போனபோது, என் ஜெர்மன் பாஷையில் "தண்ணீர் வடிக்கிற சாமான்" என்று கேட்டேன். கடைக்காரப் பெண் கோப்பி வடிக்கிற காகிதத்தை ஒரு கட்டு எடுத்துத் தந்தாள். இல்லை என்று சொல்ல வெட்கம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோப்பியே குடிக்காத எங்கள் வீட்டில் அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. மகள் துளசி அதில் படம் கீறுகிறாள்.

வண்டியோடு வந்த புத்தகத்தில் கட்டளைகள் இருந்தன. குளிர் தொடங்கமுன் தாங்கியையும் குழாயையும் கடைசிச் சொட்டுவரை வெறுமையாக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். தண்ணீர் குழாயை வெடிக்க வைக்கும் என்றால் எந்த நீர்வேலிக்காரன் நம்புவான்? நான் நம்பவில்லை. குழாய் வெடித்தது. அடுத்த கட்டளை, வசந்தத்தில் தாங்கியை மருந்து போட்டுக் கழுவ வேண்டும். ஊரில் கிணறு இறைக்கிற மாதிரித்தான் என்று இதைச் சந்தோஷமாகச் செய்தேன். மூன்றாவது, வடிகட்டிக்குள் இருக்கும் கரிக் குழலை ஒவ்வொரு வருடமும் எறிந்துவிட்டுப் புதிது போடவேண்டும். எக்காரணம் கொண்டும் பழையதைக் கழுவிப் பாவிக்கக்கூடாது. அதற்குக் கீழே தடித்த கோடு வேறு போட்டிருந்தார்கள்.

இப்போது நம்மவர்கள் சிலர் இங்கே இப்படி வண்டி வாங்கிவிட்டு, தண்ணீர் விஷயத்தில் என்னிடம் புத்தி கேட்கிறார்கள். என் புத்தி எப்படிப்பட்டது என்று அவர்களும் அறியட்டும்.

2

அண்ணை எனக்குப் பத்து வயது மூத்தவர். ஐயா செத்தபிறகு என்னை வளர்த்துப் படிப்பித்தவர். நீர்வேலியில் வாழைத்தோட்டம். ஊர்ப் பிள்ளையார் கோயில் காரியங்களில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விமானம் ஏற்றிவிட்டவரும் அவர்தான்.

என் மனைவி ரஞ்சி மயிலிட்டிப் பெண். அவளுடைய தகப்பனுக்குச் சொந்தமாக வள்ளம் இருந்தது. தோட்டக்காரனும் கடற்காரியும் எப்படிச் சந்தித்தார்கள் என்பது வேறு கதை. தட்டெழுத்து வகுப்பு என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். நான் இங்கே வந்து சேர்ந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கலியாணம் செய்யப்போகிறேன் என்று எழுதினேன். அண்ணை சைக்கிளில் மயிலிட்டிக்குப் போனார். சண்டை பிடிக்கவில்லை. மரியாதையாகவே கதைத்தார். ரஞ்சியின் தாய் தண்ணீர்ச் செம்பைத் தொடவில்லை. கடைக்கு ஆளனுப்பிச் சோடா எடுப்பித்து, மூடி திறக்காத போத்தலை அண்ணைக்கு முன்னால் வைத்து, அவர் கண் முன்னாலேயே மூடியை உடைத்துக் கொடுத்தார். அண்ணை குடித்தார்.

இதை நான் விளக்கத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். உடைக்காத சோடாவுக்கும் சீவாத இளநீருக்கும் சாதி இல்லை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீருக்கு உண்டு. இரண்டு பகுதியும் இந்தச் சட்டத்தை வாய் திறவாமலே அனுசரித்தார்கள் என்பதுதான் ரஞ்சிக்குப் பொறுக்கவில்லை. "அம்மாவும் அல்லோ தானாகவே சோடா எடுப்பிச்சவ" என்று இப்போதும் சொல்லுவாள்.

அண்ணை கெட்ட மனிதர் அல்ல. தொண்ணூறில் மயிலிட்டிச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்து அவருடைய வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வந்து இருந்தபோது, மண்ணெண்ணெய் பொன்விலை விற்ற அந்த நாளில், தன் தோட்டத்து மிசினை ஓட்டி வேலியோரத் தொட்டியில் அவர்களுக்குத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். மிசின் நின்ற நாட்களில் கிணற்றுத் துலாவால் அள்ளி ஊற்றினார். ஆனால் துலாக்கயிற்றில் அவர்களைக் கைவைக்க விடவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான். நான் அவரில் உயிரை வைத்திருக்கிறேன். அதுதான் என் வில்லங்கம்.

3

அம்மா செத்தபோது நான் போகவில்லை. போனால் திரும்பி வரமுடியாத அகதிக் காகிதம் என்னுடையது. ஒரு திவசத்தையாவது அண்ணையோடு சேர்ந்து செய்யவேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. பிதிர்க்கடன் கழிக்கிற கீரிமலைக்குச் சண்டையால் ஊர்ச்சனமே போகமுடியாமல் இருந்த நேரம். "கீரிமலை இல்லையெண்டால் எந்த ஆறு எண்டால் என்ன, இஞ்சை வாங்கோ அண்ணை" என்று எழுதினேன். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வருகிறேன் என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ரஞ்சியின் கையால் அண்ணை தண்ணீர் குடிப்பாரா? குடிக்காவிட்டால் ரஞ்சி தாங்குவாளா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடாமல் தப்புவதற்கு எனக்கு ஒரு வழி தோன்றியது. தொழிற்சாலையில் எனக்கு மேலாளாக இருந்தவர் தன் பழைய வண்டியை விற்க நின்றார். அண்ணை அதிலே தங்கலாம், தானே சமைக்கலாம், தண்ணீரை நானே நிரப்பலாம். ரஞ்சிக்கு, "கோடை விடுமுறைக்குப் பிள்ளையோடை ஊர் சுத்தலாம்" என்று சொன்னேன். வண்டி அண்ணைக்கு ஒரு வருடம் முந்தியே வந்துவிட்டதால் அந்தப் பொய் கொஞ்ச நாள் செல்லுபடியானது.

அண்ணையின் விசா அலுவலாகப் போன வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு பெண்மணி இருந்தார். விருந்தாளி எங்கே படுப்பார் என்று கேட்டார். வண்டியில் என்றேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கள் சொந்த அண்ணனா?"

"ஓம்."

"அவரை ஏன் வெளியில் படுக்க வைக்கிறீர்கள்?"

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியாது. தமிழும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். குறட்டை விடுவார் என்று சைகையோடு விளக்கினேன். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. வண்டி குடியிருப்பு ஆகாது, அண்ணன் வீட்டுக்குள்ளேதான் படுக்கவேண்டும் என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினார். ஆக, ஜெர்மன் அரசாங்கம் என் அண்ணையை வீட்டுக்குள் படுக்கச் சொன்னது. வண்டியில் படுக்க வைத்தவன் நான்.

4

கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறி, வவுனியாச் சோதனைச்சாவடியில் மறிபட்டு, கொழும்பு லொட்ஜில் காத்துக் கிடந்து அண்ணை வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். என்னைக் கட்டிப் பிடித்தவர் விடவே இல்லை. துளசியைத் தூக்கினார். ரஞ்சியிடம் "சுகமே பிள்ளை?" என்று கேட்டார்.

வீட்டு வாசலில் ரஞ்சி செம்பில் தண்ணீரோடு நின்றாள். கால் கழுவத்தான். அண்ணை கால் கழுவினார். அடுத்து அவள் ஒரு கிளாசில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் பாய்ந்து விழுந்தேன்.

"அண்ணை, இந்த ஊர்த் தண்ணி உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. முழுக்கச் சுண்ணாம்பு. வண்டியிலை பில்ரர் பண்ணின தண்ணி கிடக்கு, வாங்கோ."

சுண்ணாம்புத் தண்ணீர் குடித்துச் சுண்ணாம்புக் கல்லின் மேல் வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு நான் சொன்ன காரணம் இது. அண்ணைக்குத் தண்ணீர் கொதிக்கிற கேத்தில் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு தெரியாதா? ஆனாலும் நான் நீட்டிய காரணத்தை வாங்கிக்கொண்டு எழும்பி வந்தார். ரஞ்சி அந்தக் கிளாசை எடுத்துத் தானே குடித்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

மறுநாளும் வைத்தாள். அதற்கு அடுத்த நாளும் வைத்தாள். விடியற்காலையில் அண்ணை வந்து சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்து துளசியோடு கதைப்பார். பக்கத்தில் கிளாஸ் இருக்கும். அண்ணை வண்டிக்குப் போவார். கிளாஸ் அப்படியே இருக்கும். வண்டியில் அவர் தானே உலை வைத்துச் சமைத்தார். வெளியே போகிற நேரங்களில் சோடா. அவருக்காகப் பெட்டி பெட்டியாகச் சோடா வாங்கி அடுக்கினேன். துளசிக்கு இது பெரிய கொண்டாட்டம். அவளுக்குச் சோடா குடிக்கிற பெரியவர்களை இங்கே நிறையத் தெரியும். பெரியப்பாவும் ஜெர்மன்காரர் மாதிரி என்று வகுப்பில் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற ரஞ்சி திரும்பாமலே சொன்னாள்.

"மாமியின்ரை திவசத்துக்கு ஆர் சமைக்கிறது?"

"அண்ணைதான்... அவர் ஆசாரம் பாக்கிறவர்..."

"கடைசிக் காலத்திலை மாமி எனக்கு ரெண்டு கடிதம் போட்டவ. பிள்ளை, ஒருக்கா வந்து உன்ரை கையாலை புட்டு அவிச்சுத் தா எண்டு எழுதினவ. அவவுக்குச் சமைக்க எனக்குக் குடுத்துவைக்கேல்லை, என்ன?"

நான் வடிகட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன். வாய்க்கு வராதபோதெல்லாம் வடிகட்டி எனக்குக் கைகொடுத்தது.

5

அப்படிப் போய்ப் பார்த்ததில், கரிக் குழல் உண்மையிலேயே பழுதாகியிருந்தது. வெளியே வழுவழுவென்று பாசி. தண்ணீரில் ஈரச்சாக்கு மணம். முந்திய வருடம் மாற்றவேண்டியதை, நல்லாய்த்தானே இருக்கிறது என்று விட்டிருந்தேன். கடையில் கேட்டேன், அந்த அளவு வேறு ஊரிலிருந்து வரவேண்டும், திவசத்துக்குப் பிறகுதான் கிடைக்கும் என்றார்கள்.

கழுவக்கூடாது என்று புத்தகத்தில் தடித்த கோடு போட்டிருந்தது உண்மைதான். ஆனால் கோடு போட்டவனுக்குப் பழப்புளி தெரியாது. எங்கள் வீட்டில் பச்சை பிடித்த குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்த்தால் பொன் மாதிரி வரும். குத்துவிளக்குக்கு வந்த மினுக்கம் இதற்கு வராதா? ஒரு வாளியில் புளியைக் கரைத்து, அதில் குழலை ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் தேய்த்து, வண்டிக் கூரையில் வடகம் காயப்போடுவதுபோல வெயிலில் காயவிட்டேன். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். துப்புரவு என்றேன். பெருவிரலைக் காட்டிப் பாராட்டினார். நானும் பெருமைப்பட்டேன்.

திரும்பப் பூட்டி ஒரு கோப்பை பிடித்துக் குடித்தேன். லேசாய்ப் புளித்தது. ரசம் என்று நினைத்துக்கொண்டால் குற்றமில்லை. அண்ணை அதில் சோறு வடித்துவிட்டு, "இண்டைக்குச் சோறு நல்ல வெள்ளையாய்க் கிடக்கு" என்றார்.

6

திதி ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. ரைன் ஆற்றங்கரையில் வண்டிகள் தங்குகிற புல்வெளி ஒன்று உண்டு. விடிய வெள்ளென அங்கே போய்ச் சேர்ந்தோம். அண்ணை உபவாசம். முந்தின நாள் காலையில் சோடா வாங்க மறந்துபோனேன். சனிக்கிழமை என்பதால், நினைவு வந்து மத்தியானத்துக்கு மேல் போனபோது கடைகள் பூட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் ஒரு கடையும் திறக்காது. வண்டியில் தண்ணீர் இருக்கிறதுதானே என்று தேற்றிக்கொண்டேன்.

ஐயர் இல்லை. அண்ணையே தர்ப்பை போட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்தார். எனக்கும் சொல்லித் தந்தார். அம்மாவின் பெயரை அவர் இரண்டு முறை சொன்னார். நான் வாய்விட்டு அழுதேன். ரஞ்சியும் துளசியும் கொஞ்சம் தள்ளிப் பாயில் இருந்தார்கள். ரஞ்சியின் மடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க் இருந்தது.

எல்லாம் முடிய வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அண்ணை வியர்த்து ஊற்றி, உதடு காய்ந்து, மடக்குக் கதிரையில் சரிந்தார். "தம்பி, தண்ணி கொஞ்சம்" என்றார். ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன். மோட்டர் முனகியது. கறுப்பாக வந்தது. புளியில் ஊறி இளகிய கரி, வண்டி குலுங்கி வந்ததில் கரைந்திருக்க வேண்டும். மையைக் கரைத்த மாதிரி ஊற்றிக்கொண்டே இருந்தது. ஓடவிட்டால் தெளியும் என்று விட்டேன். தாங்கி வெறுமையாகும்வரை தெளியவில்லை. கையெல்லாம் கரியோடு வெளியே வந்து நின்றேன்.

பிளாஸ்க் ரஞ்சியின் மடியில் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "ரஞ்சி, அண்ணைக்குத் தண்ணி குடு" என்று நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் அண்ணையைப் பார்த்தேன், ஆற்றைப் பார்த்தேன், கையிலிருந்த கரியைப் பார்த்தேன்.

பக்கத்து வண்டியில் ஒரு ஜெர்மன் கிழவி இறைச்சி வாட்டிக்கொண்டு நின்றாள். அண்ணை கிடந்த கிடையைக் கண்டுவிட்டு, கொழுப்புக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவளுடைய நாயும் கூட வந்து அண்ணையின் காலை நக்கியது. அண்ணை இரண்டு கையாலும் குவளையை வாங்கி, அண்ணாந்து கூட ஊற்றாமல், வாய் வைத்து மடமடவென்று குடித்தார். "தாங்க்யூ" என்றார்.

ரஞ்சி எழும்பி அண்ணைக்கு முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"அத்தான், அந்த மனுசி என்ன ஆக்கள் எண்டு கேட்டுப்போட்டே குடிச்சனீங்கள்?"

அண்ணை குவளையை மடியில் இறக்கினார்.

"ரஞ்சி, அண்ணை தாகத்திலை..." என்று தொடங்கினேன்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. அத்தான் தன்ரை குணத்தை ஒளிக்கேல்லை. நீங்கள்தான் அதுக்கு ஒரு பில்ரர் பூட்டி, வண்டியும் வாங்கி விட்டனீங்கள்."

கிழவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெறும் குவளையை வாங்கிக்கொண்டு, இன்னும் வேண்டுமா என்று சைகையால் கேட்டாள். அண்ணை வேண்டாம் என்று தலையாட்டினார்.

7

திரும்பி வரும்போது நான் வண்டியை ஓட்டினேன். பின்னால் மேசைக்கு இந்தப் பக்கம் அண்ணையும் துளசியும், அந்தப் பக்கம் ரஞ்சி. கண்ணாடியில் அண்ணையின் முகம் தெரிந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பிப் போகிற பிளேனை முந்திப் போடச் சொல்லுவார், இனி எனக்கு அண்ணை இல்லை என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

துளசி தன் அரைத் தமிழில் கேட்டாள். "பெரியப்பா, அம்மா கேட்டது... 'என்ன ஆக்கள்' எண்டால் என்ன?"

இப்போது காரணம் சொல்ல என்னிடம் தாங்கியும் இல்லை, வடிகட்டியும் இல்லை. அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்தார். சோளத் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன.

"அது ஒரு விசர்க்கதை, பிள்ளை" என்றார். "உனக்கு வேண்டாம்."

"உங்களுக்கு?"

அண்ணை தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். துவாயை மடித்து மேசையில் வைத்தார்.

"பிள்ளை, உந்தப் பிளாஸ்கிலை என்ன கிடக்கு?"

கேட்டது துளசியிடம் அல்ல.

ரஞ்சி பிளாஸ்க்கை மடியிலிருந்து எடுத்தாள். "தண்ணிதான் அத்தான். வீட்டுக் குழாய்த் தண்ணி. நான் கொதிக்க வச்சு ஆறவிட்டது. வடிக்கேல்லை."

"பரவாயில்லை. தா."

பிளாஸ்க் மூடி திறபடும் சத்தம் கேட்டது. ஊற்றும் சத்தம் கேட்டது. நான் கண்ணாடியில் பார்க்கப் பயந்து றோட்டைப் பார்த்தேன். குடித்து முடிகிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணையின் குரல்.

"இன்னும் கொஞ்சம் விடு, பிள்ளை. நாளைக்குக் காலமை எனக்கும் சேர்த்துப் புட்டு அவி. எனக்கு என்ரை சமையல் அலுத்துப்போச்சு."

ரஞ்சி "ஓம் அத்தான்" என்றாளா, விம்மினாளா என்று பிரித்தறிய முடியவில்லை. எனக்கு முன்னால் றோட்டு கலங்கிப்போய்க் கிடந்தது. ஒரு புல்வெளி ஓரமாக வண்டியை இறக்கி நிறுத்திவிட்டு, ஸ்ரியறிங்கில் முகத்தைப் புதைத்தேன்.

"என்னடா தம்பி, திரும்பவும் பழுதோ?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை" என்றேன்.